மலையில் ராத்தங்கியவர்கள்

இது நீளமான பதிவு. சாப்பிட்டு முடித்து, உட்கார்ந்து படியுங்கள். பிழை இருந்தால் வழக்கம்போல் கீழே எழுதுங்கள், திருத்திக்கொள்கிறேன். நான் வரலாற்றில் பட்டம் வாங்கியவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தை வைத்துக்கொண்டு முப்பத்தைந்து வருடம் சமூக அறிவியல் நடத்தியவன், அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு தம்பி செய்தி அனுப்பியிருந்தான். ஆம்பூரில் ஷூ கம்பெனி ஒன்றில் வேலை. அவனுடைய அப்பா என் மாணவன். "சார், நாங்க ஆறு பேர் டென்ட் வாங்கியிருக்கோம். ஏலகிரியில எங்க பார்த்தாலும் ரிசார்ட்டு, கூட்டம். அதனால ஜவ்வாது மலையில ஆளே இல்லாத இடமாப் பார்த்து, காட்டுக்குள்ளயே ரெண்டு ராத்திரி தங்கலாம்னு இருக்கோம். உங்களுக்கு நல்ல இடம் தெரியும்னு அப்பா சொன்னாரு" என்று எழுதியிருந்தான். கூடவே ஒரு வீடியோ. அமெரிக்காவில் எங்கோ உயரமான பைன் மரக்காடு. ஒருவன் காரை ஓரமாக நிறுத்திவிட்டு, நல்ல குளிரில், தனியாகக் கூடாரம் போட்டுக் காபி போடுகிறான்.

அந்தத் தம்பிக்கு ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அவன் அப்பா "சாருக்குத் தெரியும்" என்று சொல்லியிருக்கிறான் பாருங்கள், அது என்னைத் தூங்கவிடவில்லை. ஆமாம், எனக்கு ஓர் இடம் தெரியும். எப்படித் தெரியும் என்பதை இதுவரை நான் எழுதியதில்லை. அதற்கு முன் கொஞ்சம் வரலாறு சொல்லிவிடுகிறேன். வாத்தியார் புத்தி, மாறாது.

மலையில் இரவு தங்குவதை நம் பக்கத்தில் ராத்தங்குவது என்போம். அதற்கு நம் வட்டாரத்தில் ஈராயிரம் வருடத்துக் கதை இருக்கிறது. பத்துப்பாட்டில் மலைபடுகடாம் என்று ஒன்று உண்டு. 583 அடி. இரணியமுட்டத்துப் பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடியது. அதன் தலைவன் நன்னன் ஆண்டது செங்கண்மா, இன்றைய செங்கம். ஜவ்வாது மலையின் அடிவாரம். அந்தப் பாட்டில் வரும் நவிரமலை பர்வதமலைதான் என்கிறார்கள். பாட்டில் வரும் சேயாறு, ஜவ்வாது மலையில் பிறந்து ஓடும் நம் செய்யாறு.

பள்ளிக்கூடத்தில் இதை ஆற்றுப்படை நூல் என்று சொல்லி இரண்டு மதிப்பெண் கேள்வியோடு விட்டுவிடுவார்கள். நான் அதை வேறு மாதிரி படிப்பேன். அது ஒரு வழிகாட்டிப் புத்தகம். நன்னனைப் பார்த்துப் பரிசில் வாங்கி வந்த கூத்தன், அடுத்துப் போகிற கூத்தனுக்கு மலையில் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்கிறான். தினைப்புனத்துக்காரர்கள் பன்றிக்குப் பொறி வைத்திருப்பார்கள், பார்த்துப் போ. யானையை விரட்டக் கவண்கல் வீசுவார்கள், மரத்துக்குப் பின்னால் ஒதுங்கு. பாசி படிந்த பாறை வழுக்கும். பாம்பு கிடக்கும். பொழுது சாய்ந்தால் நடக்காதே, பாறைக் குகையில் தங்கிவிடு. குடிகள் இருக்கும் ஊருக்குப் போனால் இன்னார் ஆள் என்று சொல், சோறு போடுவார்கள். இவ்வளவு விவரமாக எழுதியிருக்கிறார் என்றால் அந்தப் புலவர் அந்த மலையில் ராத்தங்கியிருக்க வேண்டும் என்பது என் எண்ணம். உட்கார்ந்த இடத்தில் கற்பனை செய்கிறவனுக்குப் பாசி வழுக்கும் என்பது தோன்றாது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பாட்டில் மலை காலி இடம் இல்லை. ஒவ்வொரு சரிவிலும் ஆள் இருக்கிறான், காவல் இருக்கிறது, பொறி இருக்கிறது. "ஆளே இல்லாத இடம்" என்று நம் தம்பி எழுதியிருந்தானே, அதற்காகச் சொன்னேன்.

இனி நம் தோல் பக்கம் வருகிறேன். பேர்ணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோல் பதனிட்டார்கள். பச்சைத்தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு, மயிர் நீக்கி, சதை வழித்து, பிறகு ஆவாரம்பட்டைத் தண்ணீரில் நாள்கணக்கில் கிடத்துவார்கள். ஆவாரம்பட்டை மட்டும் போட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். அது சிவக்காமல் இருக்கக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டெடுப்பார்கள். பிறகு எண்ணெய். இப்படிப் பதனிட்ட தோல்தான் சென்னை வழியாக லண்டனுக்குக் கப்பலேறியது. என் நைனா இருபத்தைந்து வருடம் டேனரியில் கடுக்காய்த் தொட்டியில் நின்றவர். அவர் உள்ளங்கையும் நகக்கண்ணும் சாகிறவரை கறுப்பாகத்தான் இருந்தன. சோறு பிசையும்போது அந்தக் கையைப் பார்த்தே நாங்கள் வளர்ந்தோம்.

ஆவாரஞ்செடி சமவெளியில் தரிசெல்லாம் கிடக்கும். கடுக்காய் அப்படி இல்லை. அது மலை மரம். தை, மாசியில் காய் உதிரும். ஜவ்வாது மலையாளிகள் குடும்பம் குடும்பமாகக் காட்டுக்குள் போய், மரத்தடியிலேயே நாள்கணக்கில் தங்கிப் பொறுக்குவார்கள். (மலையாளி என்றதும் கேரளம் என்று நினைக்காதீர்கள். மலையை ஆள்கிறவர்கள் என்று தங்களைச் சொல்லிக்கொள்கிற தமிழர்கள். காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் நாங்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது.) கையில் சாமை அரிசியோ கேழ்வரகு மாவோ இருக்கும். ஒரு கம்பளி இருக்கும். கூடாரம் கிடையாது. இலை தழையால் ஒரு சாய்ப்பு. பகலில் பொறுக்கி, பாறையில் காயவைத்து, மூட்டை கட்டித் தலைச்சுமையாக ஆலங்காயம் சந்தைக்கோ போளூர்ப் பக்கமோ இறக்குவார்கள்.

எங்கள் வீட்டில் மூன்று வேளையும் உலை கொதித்தது, முகம் தெரியாத யாரோ மாசிக் குளிரில் காட்டில் படுத்ததால்தான். இது எனக்குப் புரிய நாற்பது வயதாகிவிட்டது. நைனாவுக்குத் தெரிந்திருக்கும். மூட்டை பிரிக்கும்போது உள்ளே சாம்பல் வாடை அடித்தால் "மலையாளுங்க நெருப்பு மூட்டிக் குளிர் காய்ஞ்ச வாடை" என்பார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை கப்பலில் வந்து ஆவாரம்பட்டையின் இடத்தைப் பிடித்தது. 1970களில் பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு போட்டதும் எல்லாரும் குரோமுக்கு மாறினார்கள். பாலாறு என்ன ஆனது என்பது உங்களுக்குத் தெரியும், அது தனிப் பதிவுக்கான விஷயம். இங்கே சொல்ல வந்தது, கடுக்காயின் தேவை சுருங்கியது என்பதுதான். அந்த மலைக்கும் நம் ஊருக்கும் இருந்த கொடுக்கல் வாங்கலில் ஒரு கயிறு அறுந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் மலையில் கூடாரம் போட்ட பெரிய கூட்டம் என்றால் அது நில அளவைக்காரர்கள்தான். வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலைக்குப் பக்கத்தில் ஏழரை மைல் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதை மட்டும் அளக்க 57 நாள் ஆனது. அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக மேற்கே வந்தார்கள். அந்த முக்கோணங்களின் முனைகளில் நம் மலைகளும் உண்டு. வேலூருக்குப் பக்கத்துக் கைலாஸ்கர், ஜவ்வாது தொடரில் கர்நாட்டிகர். அரை டன் எடையுள்ள கோணமானியைக் கூலிக்காரர்கள் தோளில் சுமந்து உச்சிக்கு ஏற்றினார்கள். இங்கிலாந்திலிருந்து வரும்போது அந்தக் கருவி பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கி மொரீசியசுக்குப் போய், பிறகு பெருந்தன்மையாகத் திருப்பி அனுப்பப்பட்டது என்பது தனிக் கதை.

இந்த அளவையில் எனக்குப் பிடித்தவர் லாம்டன் இல்லை. கொடிக்காரர்கள். ஓர் உச்சியில் கோணமானி இருந்தால் எதிரே இருபது முப்பது மைல் தூரத்து உச்சியில் ஒரு கொடி தெரிய வேண்டும். பனி விலகி, வானம் தெளிந்து, அங்கிருந்து பார்த்து முடிக்கும்வரை கொடியோடு இரண்டு மூன்று பேர் அந்த உச்சியிலேயே காத்துக் கிடக்க வேண்டும். தண்ணீர் கீழே, காய்ச்சல் கூடவே. வரைபடத்தில் மலை இருக்கிறது, கோடு இருக்கிறது, துரை பெயர் இருக்கிறது. கொடி பிடித்தவன் பெயர் எங்கேயும் இல்லை.

அளந்து முடித்தபின் என்ன செய்வார்கள்? வேலி போடுவார்கள். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கி, பின் நம் ஊர்கள் வழியாக மேற்கே போனது. அந்த நாள் எஞ்சினுக்கு விறகுதான் தீனி. காடு கரைந்தது. 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காப்புக்காடு என்று அறிவித்த இடத்தில் அனுமதியில்லாமல் நுழையக்கூடாது, நெருப்பு மூட்டக்கூடாது, எதையும் எடுக்கக்கூடாது. காட்டைக் காப்பாற்றத்தான் போட்டார்கள், அதில் பாதி உண்மை. மீதிப் பாதி, தலைமுறை தலைமுறையாக அங்கே ராத்தங்கியவன் ஒரே நாளில் அத்துமீறியவன் ஆனான். திருப்பத்தூரில் சந்தனக் கிடங்கு வைத்து ஏலம் விட்ட அரசாங்கம், மலைக்காரன் ஒரு கட்டை எடுத்தால் வழக்குப் போட்டது. 2006இல் வன உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் சிறு வனப்பொருள் அவர்கள் உரிமை என்று எழுத்தில் ஏறியது.

அமெரிக்க வீடியோவுக்கும் நமக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் தம்பி. அங்கே தேசியக் காடுகளில் பெரும்பாலான இடங்களில் முகாம் மைதானத்துக்கு வெளியேயும் தங்கலாம் என்று விதியே இருக்கிறது. வழக்கமாக 14 நாள் வரம்பு, தண்ணீரிலிருந்து தள்ளித் தங்க வேண்டும், குப்பையைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும், தீ எச்சரிக்கை இருந்தால் நெருப்பு கூடாது. சுவீடனில் யாரும் காட்டில் ஓரிரு இரவு தங்கலாம் என்பது பழைய வழக்கம். இங்கே அப்படி ஒரு விதி கிடையாது. அங்கேயும் அந்தக் காடுகளில் முன்பு இருந்த பூர்வகுடிகள் எங்கே போனார்கள் என்று வீடியோக்காரன் சொல்லவில்லை.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

1986. நான் வேலைக்குச் சேர்ந்து நாலு வருடம். வயது இருபத்தேழு. சாரணர் பயிற்சி முடித்த கர்வம் வேறு. பேடன் பவல் 1907இல் இருபது பையன்களோடு பிரவுன்சீ தீவில் போட்ட முகாமைப் பற்றி வகுப்பில் அத்தனை முறை பேசியிருப்பேன். அந்த வருடம் ஹாலி வால்நட்சத்திரம் வந்தது. 76 வருடத்துக்கு ஒருமுறை வருவது. பத்திரிகையெல்லாம் அதுதான்.

அதே ஜனவரி 6ஆம் தேதிதான் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி திறந்துவைத்து, வேணு பாப்பு பெயரைச் சூட்டினார். காவலூர் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் அதுவும் ராத்தங்கலால் பிறந்த இடம். வேணு பாப்பு 1960இல் கொடைக்கானல் ஆய்வகத்துக்கு இயக்குநராக வந்தார். சூரியனைப் பார்க்கக் கொடைக்கானல் நல்ல இடம், நட்சத்திரம் பார்க்க அவ்வளவு சரியில்லை, மேகம் அதிகம். தென்கோடி வானமும் தெரிய வேண்டும், ஊர் வெளிச்சமும் இருக்கக்கூடாது. இப்படித் தேடித்தேடி ஜவ்வாது மலையில் ஆலங்காயத்துக்கு மேலே, 725 மீட்டர் உயரத்தில், காட்டுக்கு நடுவே காவலூரைப் பிடித்தார்கள். அப்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமானால் அங்கே இரவிரவாக விழித்திருந்து வானத்தைப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1960களின் கடைசியில் கொடைக்கானலில் தாங்களே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியை அங்கே நிறுத்தினார்கள். 1972இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதே வருடம் வியாழனின் துணைக்கோள் கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அதற்கு மெல்லிய வளிமண்டலம் உண்டு என்பதற்கான தடயம் அங்கே கிடைத்தது. 1977 மார்ச் 10இல் யுரேனசுக்கு வளையம் உண்டு என்று உலகம் கண்டுபிடித்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. நம் தோல் நாற்றத்துக்கு நாற்பது கிலோமீட்டருக்குள் நடந்தது இதெல்லாம். பாப்பு 1982இல் மியூனிக்கில் இறந்துவிட்டார். தன் பெரிய தொலைநோக்கியை அவர் பார்க்கவில்லை.

இதெல்லாம் படித்துவிட்டு எனக்குத் தலைகால் புரியவில்லை. மார்ச் 8, இரண்டாம் சனிக்கிழமை. அமாவாசைக்கு இரண்டு நாள் முன்பு, வானம் நல்ல இருட்டு. பதினான்கு பையன்களைக் கூட்டிக்கொண்டு வாணியம்பாடியில் பஸ் ஏறி ஆலங்காயம் வழியாக மலைக்குப் போனேன். வனத்துறையில் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்பது தெரியும். கேட்டால் கொடுக்கமாட்டார்கள் என்பதும் தெரியும். அதனால் கேட்கவில்லை. பஸ் போகும் பாதையிலிருந்து விலகி ஒன்றரை மணி நேரம் நடந்து, ஓர் ஓடைக்கரையில், "ஆளே இல்லாத இடம்" என்று நானே தேர்ந்தெடுத்தேன். இரண்டு தார்ப்பாயைக் கயிற்றில் கட்டிக் கூடாரம் போட்டோம்.

குளிர் எதிர்பார்த்ததைவிட அதிகம். பையன்கள் பள்ளிச் சட்டையோடு வந்திருந்தார்கள். ஒன்பது மணிக்கு முகாம் நெருப்பு மூட்டினேன். பாட்டு, நாடகம் எல்லாம் நடந்தது. பத்தரைக்குத் தண்ணீர் ஊற்றி அணைத்தேன். அணைந்துவிட்டது என்றுதான் படுத்தேன். மாசி மாதத்துச் சருகு முழங்கால் ஆழம் கிடக்கிறது, காற்று திரும்பும், இதெல்லாம் பேடன் பவல் எனக்குச் சொல்லவில்லை. இரண்டு மணி வாக்கில் ஒரு பையன் "சார், வெளிச்சமா இருக்கு" என்று எழுப்பினான். வால்நட்சத்திரம் வந்துவிட்டது என்று நினைத்து எழுப்பியிருக்கிறான் பாவம். சரிவில் புல் எரிந்துகொண்டு மேலே ஏறியது.

அந்த அரை மணி நேரத்தை நான் எழுதப்போவதில்லை. பையன்களை ஓடைக்குள் இறக்கிவிட்டு எண்ணினேன். பதின்மூன்று. மறுபடி எண்ணினேன். பதின்மூன்று.

அப்போதுதான் மேலேயிருந்து ஆட்கள் இறங்கினார்கள். ஏழெட்டுப் பேர். நான் ஆளே இல்லை என்று நினைத்த இடத்துக்குக் கூப்பிடு தூரத்தில், மேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு சிற்றூரே இருந்திருக்கிறது. பச்சைக் கிளையை ஒடித்து அடித்துக்கொண்டே வந்தார்கள். இரண்டு பேர் முன்னால் ஓடி, தீ வருகிற வழியில் சருகைக் கூட்டித் தள்ளி மண் தெரிய ஒரு கோடு போட்டார்கள். கத்தல் இல்லை, பேச்சு இல்லை. ஒரு மணி நேரத்தில் அடங்கிவிட்டது. அவர்களில் மூத்தவர் ஒருவருக்கு இடது கை மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெந்திருந்தது. அந்தக் கையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, "வாத்தியாரே, மாசியில காட்டுல யாராவது நெருப்பு வைப்பாங்களா?" என்றார். திட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டது போல இருந்தது. எனக்குப் பதில் வரவில்லை.

காணாமல் போன பையனைத் தேடி விடியும்வரை அலைந்தோம். அவன் பயத்தில் இருட்டிலேயே மேட்டுப்பக்கம் ஓடி, களம் காத்திருந்த ஒரு கிழவியிடம் போய் நின்றிருக்கிறான். அவர் குடிசைக்குக் கூட்டிப்போய், கம்பளி போர்த்தி, சாமைச் சோறு போட்டுத் தூங்க வைத்துவிட்டார். நாங்கள் போனபோது மணி ஆறு. அவன் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

வால்நட்சத்திரத்தை நான் பார்க்கவில்லை. ஓடையில் இருந்த பையன்கள் நாலரை மணிக்கு மேல் தென்கிழக்கே பார்த்தார்களாம். "அதையா பார்க்க வந்தீங்க? பத்து நாளா நாங்க அதைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்" என்றார் கை வெந்த பெரியவர். அடுத்த முறை 2061இல் வரும். எனக்கு வாய்ப்பில்லை.

ஊருக்கு வந்து தலைமையாசிரியரிடம் "முகாம் நல்லபடியாக நடந்தது" என்று எழுதிக் கொடுத்தேன். பையன்களிடம் வீட்டில் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டேன் என்ன, மிரட்டினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பதினான்கு பேரில் ஒன்பது பேர் இதைப் படிப்பீர்கள். முப்பத்தொன்பது வருடமாக யாரும் வாய் திறக்கவில்லை. அதற்கு நான் நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை. மன்னிப்பே கேட்கிறேன். அந்தப் பெரியவரின் கைக்கு மருந்துகூட வாங்கித் தராமல் காலை பஸ்ஸுக்கு ஓடிவந்தவன் நான்.

பிறகு மலைப்பக்கமே போகவில்லை. செய்தியில்தான் மலையைப் பார்த்தேன். 2015 ஏப்ரல் 7ஆம் தேதி ஆந்திரத்துச் சேஷாசலக் காட்டில் செம்மரம் வெட்டப் போனார்கள் என்று 20 பேரை அம்மாநிலக் காவல்துறை சுட்டுக் கொன்றது. இறந்தவர்களில் பலர் நம் ஜவ்வாது மலைக்காரர்கள். கூலிக்குப் போனவர்கள். மேஸ்திரி முன்பணம் கொடுத்து லாரியில் ஏற்றினால், ஊர் பேர் தெரியாத காட்டில் பத்து நாள் பதுங்கிப் படுத்து மரம் வெட்ட வேண்டும். அப்படிப் போய் உயிரோடு திரும்பிய ஒருவன் பின்னாளில் என்னிடம் சொன்னான்: "குளிருக்கு ஒரு பீடி கூட பத்த வைக்கமாட்டோம் சார், வெளிச்சம் தெரியும்." ராத்தங்குவதில் இப்படியும் ஒன்று இருக்கிறது. மலையிலேயே கடுக்காய்க்கும் சாமைக்கும் விலை இருந்திருந்தால் அவன் ஏன் அங்கே போகிறான் என்று நான் கேட்டால் பொருளாதாரம் படித்த என் மருமகன் சிரிப்பான். சிரிக்கட்டும்.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. நான் ஓய்வு பெற்று ஒரு வருடம்கூட ஆகவில்லை. தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கிக்கொண்டார்கள் என்று டிவியில் ஓடியது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்திலிருந்தும் வந்த சின்ன வயதுப் பிள்ளைகள். இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். எரிந்த புல் சரிவைக் காட்டினார்கள். அதே மார்ச், அதே சரிவு, அதே புல். என் மனைவி "ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?" என்று கேட்டாள். முப்பத்திரண்டு வருடம் கழித்து முதன்முதலாக அவளிடம்தான் சொன்னேன். "போய்ப் பாத்துட்டு வாங்க" என்றாள்.

அந்த மே மாதம் போனேன். ஓடை அப்படியே இருந்தது. சிற்றூருக்கு இப்போது தார் ரோடு. பெரியவர் பத்து வருடம் முன்பே போய்விட்டார். கிழவியும் இல்லை. பெரியவரின் மருமகள் திண்ணையில் சாமை புடைத்துக்கொண்டிருந்தார். ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து வருகிறேன், வாத்தியார், என்று இழுத்தேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு பார்வை பார்த்தார். "யாரு, நெருப்பு வெச்ச வாத்தியாரா?"

அந்த ஊரில் எனக்கு அதுதான் பெயர். நான் போகாத அந்த முப்பத்திரண்டு வருடமும் அங்கே என் பெயர் இருந்திருக்கிறது. பெரியவருக்கு அந்தக் கையில் விரல் கடைசிவரை சரியாக மடங்கவில்லையாம். "ஏர் பிடிக்க முடியலைன்னு பரண் காவலுக்குப் போயிட்டாரு" என்றார், சாதாரணமாக. பிறகு உள்ளே போய்ப் பலாச்சுளை கொண்டுவந்து வைத்தார். எனக்கு இறங்கவில்லை. நான் கொண்டுபோன பணத்தை வாங்கமாட்டேன் என்றுவிட்டார். அந்த வீட்டுப் பெண் அப்போது பிளஸ் டூ. அவள் படிப்புக்கு என்னால் ஆனதைச் செய்தேன். அதை இங்கே பெரிதாக எழுதமாட்டேன், அந்தக் கைக்கு அது ஈடாகாது.

இனி தம்பிக்குப் பதில். குரங்கணிக்குப் பிறகு மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகள் போட்டிருக்கிறது. அனுமதியில்லாமல் காப்புக்காட்டுக்குள் கூடாரம் போட்டால் குற்றம். 2024 அக்டோபரில் வனத்துறை 40 பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்து நடக்கத் திறந்துவிட்டது. நம் பக்கத்தில் ஏலகிரி சுவாமிமலைப் பாதை அதில் உண்டு. உள்ளூர் மலை இளைஞர்களே வழிகாட்டியாக வருகிறார்கள், கூலி அவர்களுக்குப் போகிறது. பகல் நடைதான், இரவு தங்கல் இல்லை. காட்டுத்தீக் காலத்தில் மூடிவிடுவார்கள். உனக்கு அது போதாது என்று தெரியும், உனக்கு ராத்திரி வேண்டும், நட்சத்திரம் வேண்டும். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

அதனால் ஒன்று செய்வோம். மழை ஓய்ந்ததும், மார்கழிக்கு முன்பு, காட்டுக்குள் வேண்டாம், அந்தச் சிற்றூருக்கே போவோம். ஊர்க்காரர்களிடம் நான் பேசியிருக்கிறேன். களத்து மேட்டில், அவர்கள் பட்டா நிலத்தில், உன் டென்டைப் போட்டுக்கொள். சோறு அவர்கள் வீட்டில், காசு கொடுத்து. நெருப்பு வேண்டுமானால் அவர்கள் மூட்டுவார்கள், நீயும் நானும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து குளிர் காய்வோம். மறுநாள் காவலூருக்கும் போகலாம், பார்வையாளர் நேரத்தை முதலில் விசாரித்துக்கொள்.

உன் அப்பாவையும் கட்டாயம் கூட்டி வா. அன்று கிழவியின் குடிசையில் தூங்கியவன் அவன்தான். அவனிடம் இன்னொன்றும் கேள். வாணியம்பாடி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோதுதான் கவனித்தேன், அவன் அந்தக் கம்பளியைப் போர்த்திக்கொண்டே வந்துவிட்டான். நாளைக்குத் திருப்பி அனுப்பலாம் என்று சொன்னேன். அது இன்னும் உங்கள் வீட்டுப் பரணில்தான் இருக்க வேண்டும். எடுத்து, துவைத்து, வெயிலில் காயப்போட்டு வைக்கச் சொல்.